அப்பாவைப் பற்றி நான்கு வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

கடிதம் முடிந்தது. விடுதிப் பள்ளியின் இலவச இடத்துக்கு இந்த வருடம் எங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருத்திதான் விண்ணப்பிக்கிறாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் வகுப்பே அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடும். கணக்கில் புலி. அம்மா இல்லை. அப்பா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறார். இடம் கிடைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை. கிடைக்காவிட்டால்? எங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. சில வருடம் முன்பு கிடைக்காமல் போனவள் இப்போது துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

வகுப்பாசிரியை என்பதால் குடும்ப நிலைக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஆரம்பத்தில் 'ஏழ்மையிலும் மகிழ்ச்சியான குடும்பம்' என்றெல்லாம் எழுதி இரண்டு பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுத்தேன். மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு யார் இடம் தருவார்கள்? பிறகு சூட்சுமம் பிடிபட்டது. அதற்கப்புறம் ஏழு பேர் போயிருக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி நான்கு வரி. மகளின் படிப்பை அவர் கண்டுகொள்வதில்லை. எந்த வகுப்பு என்றுகூடக் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறையும் வந்ததில்லை. பள்ளியைவிட்டால் இவளுக்கு வேறு துணையில்லை. மூன்றாவது வரிதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து ஊகித்தது. ஐந்து வருடமாக எட்டிப் பார்க்காத மனிதரைப் பற்றி வேறென்ன எழுத?

பிப்ரவரி 5, வியாழன்

புது விதியாம். கடிதத்தைப் பெற்றோர் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எங்கே படிக்கப் போகிறார் என்று உறையில் போட்டு வக்கீலிடம் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கையெழுத்தோடு வந்துவிட்டது. அச்சுப் போலத் தெளிவான எழுத்து. தேதிகூடப் போட்டிருக்கிறார். வக்கீல் உறையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். தபாலில் சேர்த்தாயிற்று.

பிப்ரவரி 12, வியாழன்

நான்கு நாளாக அவள் சிறப்பு வகுப்புக்கு வரவில்லை. நுழைவுத் தேர்வை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்கப்பாவ நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

உடனே கோபம் வந்தது. பதில் இல்லாதபோதெல்லாம் எனக்குக் கோபம்தானே வரும்? எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று கத்தினேன். ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 14, சனி

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அறிவியல் நோட்டை மடியில் விரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்; அவள் பாத்திரம் துலக்கியபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரில் டிப்போவின் பழைய கால அட்டவணைத் தாள்கள். அவற்றின் வெறும் பக்கத்தில் சூத்திரங்கள் — அதே அச்சுப் போன்ற எழுத்து.

தண்ணீரில் ஊறி வெளுத்த கையால் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எட்டாவது வரை படித்தவராம். வேலை நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு. பெற்றோர் கூட்டம் எப்போதும் மூன்று மணிக்கு. அந்த மூன்று மணியை வைத்தவளே நான்தான்! உங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கிறேனா?

கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் டீச்சர். சீட்டு எனக்கா குடுக்கப் போறாங்க? என்னப் பத்தி என்ன எழுதினா என்ன?"

படித்தீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு தரம் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

பிப்ரவரி 16, திங்கள்

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளற வேண்டாம் என்கிறார். ஒரு கடிதம் பொய்யென்றால் ஏழு கடிதத்தையும் தோண்டுவார்கள், இந்தப் பெண்ணின் இடமும் போய்விடும் என்கிறார். அவர் தடுத்துவிட்டார் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அவர் தடுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் நிஜம்.

மார்ச் 22, ஞாயிறு

நுழைவுத் தேர்வு முடிந்தது. 'சுமார்' என்கிறாள். என்னோடு அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 11, சனி

திங்கட்கிழமை நேர்காணல். அழைப்புக் கடிதத்தைக் கொடுக்கலாம் என்று போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே அவர் கேள்வி கேட்பவராக உட்கார்ந்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா படிப்பப் பத்தி கேப்பாரா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கேக்க மாட்டார்னு சொல்லு."

"கேக்க மாட்டார்."

"என்னப் பாக்காம சொல்லும்மா. செவுத்தப் பாத்துச் சொல்லு."

சுவரைப் பார்த்தால் அவர் எழுதிய சூத்திரங்கள். திரும்பவும் சொல்ல வைத்தார், குரல் உடையாமல் வரும்வரை. நான் அழைப்பை ஜன்னலில் வைத்துவிட்டுத் திருடியைப் போல வந்துவிட்டேன். கடவுளே, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

ஏப்ரல் 13, திங்கள்

சொல்லிவிட்டாள். குழுவில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் வக்கீல் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 20, புதன்

இடம் கிடைத்துவிட்டது. எல்லோரும் எனக்குக் கைகொடுக்கிறார்கள்.

ஜூன் 8, திங்கள்

சேர்க்கை. விடுதியில் ஒரு உத்தரவை நீட்டினார்கள். தகப்பனார் அக்கறையற்றவர் என்பதால் பரிந்துரைத்த ஆசிரியையே பாதுகாவலர். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் மட்டும் வந்து பார்க்கலாம். அப்பாவின் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு கேட் வரை வந்தார். உள்ளே வாருங்கள் என்றால் கேட்கவில்லை. அக்கறையில்லாத அப்பன் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தால் சந்தேகம் வராதா என்று என்னிடமே கேட்டார். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்.

ஜூலை 5, ஞாயிறு

விடுதிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தம் வரை அவரும் வந்தார். அங்கேயே நின்றுகொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். முதல் இரண்டு பாடத்திலிருந்து பத்துக் கேள்வி. எங்கேயோ பழைய புத்தகம் பிடித்திருக்கிறார். பார்வையாளர் அறையில் நான் வாசித்தேன், வக்கீல் ஒன்பதுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். பத்தாவது இருப்பதிலேயே சுலபமானது. தெரியாது என்றாள். இதுகூடவா என்றேன்.

"தெரியலன்னு எங்கப்பாகிட்ட சொல்லுங்க டீச்சர். அவரே வந்து சொல்லித் தரட்டும்."

வெளியே நிற்பவரிடம் இதை நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? கேட் பக்கம் போகவில்லை. நேராக விடுதிப் பள்ளியின் செயலாளர் அம்மாவின் அறைக்குப் போய், பார்க்காத மனிதரைப் பற்றி எழுதினேன் என்று ஆரம்பித்து நேர்காணல் ஒத்திகை வரை கொட்டிவிட்டேன். தப்பு என்னுடையது, பெண்ணின் இடத்தைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் விண்ணப்பக் கோப்பை எடுத்துவரச் சொல்லி நிதானமாகப் புரட்டினார்.

"நுழைவுத் தேர்வுல இவதான் முதல். அவங்கப்பா தங்கமானவரா இருந்தாலும் இவளுக்குச் சீட்டு குடுத்திருப்போம்."

அப்படியானால் அந்த நான்கு வரி எதற்கு? அவர் இரண்டு தரம் படித்துக் கையெழுத்துப் போட்டது எதற்கு? இந்தக் குழந்தை அந்த வாயால் அதைச் சொன்னது எதற்கு?

படிக்கும் பிள்ளைகள் யாரையும் தொட மாட்டார்களாம். இனி என் கையெழுத்தில் மட்டும் எந்தக் கடிதமும் வரக் கூடாதாம். சரி என்றேன். பாதுகாவலர் படிவத்தில் என் பெயரை நானே அடித்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இன்று எனக்கு விடுதியில் வேலையில்லை. காய் வாங்கப் போனபோது எங்கள் பகுதிப் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மழமழவென்று சவரம், தேய்த்த சட்டை, கையில் அந்தப் பழைய புத்தகம். கேள்வித்தாள் எழுதவில்லையா என்று கேட்டேன்.

"தாள் எதுக்கு டீச்சர்? நேர்லதானே கேக்கப் போறேன்."