விருந்தாளிக் கதிரை

ஒக்டோபர் 6, ஞாயிறு. குண்டசாலை

கம்பெனி என் அண்ணனைத் திருடி வைத்திருக்கிறது. இதைவிட நாகரிகமான சொல் தேடிப் பார்த்தேன். இல்லை.

கிறகரி மாலைதீவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போய் இரண்டு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. மூன்று முறை தள்ளிப் போட்டார்கள். ஒரு முறை ஆள் பற்றாக்குறை, ஒரு முறை சீசன், ஒரு முறை காரணமே சொல்லவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் அவர்களுடைய அலுவலக அலுமாரியில் இருக்கிறது. அவன் போகும்போது ஷிராணி அண்ணிக்கு வயிற்றில் மூன்று மாதம். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. தகப்பன் வந்துதான் ஞானஸ்நானம் என்று அண்ணி ஒரே பிடி. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஃபாதர் கேட்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி சிரித்துச் சமாளிக்கிறாள்.

நேற்றுக் கடிதம் வந்தது. அண்ணன் 'ஆண்டின் சிறந்த ஊழியர்'. பரிசு: குடும்பத்தில் இருவர் அங்கே மூன்று இரவு தங்கலாம், கடலுக்கு மேலே கட்டிய வில்லாவில், எல்லாச் செலவும் அவர்களுடையது. அண்ணன் மட்டும் வழக்கம்போல வேலை செய்வான். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு அந்த வில்லாவில் அனுமதி இல்லை. தண்ணீரில் விழுந்துவிடுமாம்.

ஆக, அவனைப் பார்க்க வேண்டிய ஆள் எவளோ அவள் மட்டும் போக முடியாது. பரிசாம்.

"நீங்களும் நடாஷாவும் போயிட்டு வாங்க மாமி," என்று அம்மாவிடம் என்னையும் காட்டிச் சொன்னாள் அண்ணி. "டிசம்பர் இருபதுக்கு அவரு வாறாரு தானே." அதே உறையில் விடுமுறைக் கடிதமும் இருந்தது. அண்ணி கலண்டரில் இருபதாம் திகதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். பழைய கலண்டர்களில் மூன்று வட்டம் இருக்கிறது.

ஒக்டோபர் 17

மருந்துக்கடையில் லீவு கேட்டேன். "மாலைதீவா? லொட்டரி விழுந்திச்சா பிள்ளைக்கு?" என்று முதலாளி சிரித்தார். பனடோல் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஒக்டோபர் 23

அம்மாவிடம் வேளாங்கண்ணிக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் இருக்கிறது. அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, காலையிலிருந்து தேங்காய் ரொட்டி சுடுகிறாள். ஒரு போத்தல் நிறைய, மிளகாய் இடித்த கட்டச்சம்பல் வேறு.

"அங்க எல்லாம் இருக்கும்மா," என்றேன்.

"எல்லாம் இருக்கும். அவனுக்கு இருக்குமா?"

ஒக்டோபர் 24. தீவு

விமானம், பிறகு வேகப்படகு. அம்மா வழி நெடுகச் செபமாலை. இறங்குதுறையில் ஒரு வரிசை ஆட்கள், வெள்ளை உடுப்பில். அதில் மூன்றாவது ஆள் அண்ணன். கையில் தட்டு, தட்டில் குளிர்ந்த ஈரத் துவாய்.

"வெல்கம், மேடம்."

பெற்ற தாயிடம் சொன்னான். அம்மா அவன் முகத்தைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கையில் துவாயை வைத்தான். பின்னால் அவனுடைய சுப்பர்வைசர் நின்றார். அஷ்பாக், எங்கள் ஊர்ப்பக்கத்துக் கெலிஓயாக்காரர். இத்தனை தூரம் வந்தும் கண்டியாள்தான் காவல்.

வில்லா. எப்படி எழுதுவது? அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். கடல் அப்படியொரு நீலம், எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளிக்குத்தான் அந்த நிறம் பார்த்திருக்கிறேன். பன்வில தேயிலைத் தோட்ட லயத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்த ஒற்றை அறைக் காம்பரா இந்தக் குளியலறைக்குள் இரண்டு முறை அடங்கும். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு நீந்துவதற்குத் தனியாக ஒரு குட்டிக் குளம். தரையில் ஒரு பகுதி கண்ணாடி, கீழே மீன். அம்மா அதைச் சுற்றிக்கொண்டே நடக்கிறாள்.

"மிதிம்மா, உடையாது."

"உடையிறதுக்கில்லடி. கீழ மீனெல்லாம் அண்ணாந்து பாக்குது. சீலையோட எப்புடிப் போறது?"

அண்ணன் பெட்டிகளைக் கொண்டுவந்தான். கதவை மூடாமல் கட்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான், அதுதான் சட்டம். குரலைத் தாழ்த்தி, "அம்மா," என்றான்.

"இளைச்சிட்ட."

"யூனிபோர்ம் பெருசும்மா."

இரண்டு நிமிடம். போய்விட்டான். இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரு மேசையில். தூரத்தில் அவன் யாருக்கோ குடை பிடித்துக்கொண்டு போனான். மழையே இல்லை. வெயிலும் இல்லை.

ஒக்டோபர் 25, வெள்ளி

அம்மா நாலரைக்கு எழும்பிவிட்டாள். முப்பது வருடம் கொழுந்து பறிக்கப் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன் போய் நின்ற உடம்பு. நான் கண் விழித்தபோது கட்டில் விரிப்பு இழுத்து மடித்திருந்தது, குளியலறை உலர்ந்திருந்தது, துவாய்கள் அலசிக் காயப் போட்டிருந்தன. வெளிப் பலகைத் தளத்தைப் பழைய சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது அவன் வேலை."

"அதனாலதான்."

பத்து மணிக்கு அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். உள்ளே பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வில்லாவுக்கு நாற்பது நிமிடம் கணக்கு. போன நேரமும் வந்த நேரமும் அவன் அட்டையில் பதிவாகும். சீக்கிரம் வெளியே போனாலும் கேள்வி. ஆகவே நாற்பது நிமிடம் அவனுக்குச் சும்மா கிடைத்தது. கம்பெனிக்குத் தெரியாமல் அம்மா தரை துடைத்துச் சம்பாதித்த நாற்பது நிமிடம்.

"உக்காரு," என்றாள்.

"அம்மா, அது விருந்தாளிக் கதிரை."

உட்காரக்கூடாது. தண்ணீர் குடிக்கக்கூடாது. கக்கூசுக்குப் போகக்கூடாது. இதெல்லாம் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"இப்ப யாரு விருந்தாளி? நான்தானே? நான் சொல்றேன், உக்காருடா."

நுனியில் உட்கார்ந்தான், பல் டொக்டரிடம் வந்தவன் போல. அம்மா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு ஊட்டினாள். இரண்டாவது ரொட்டியில் முதுகைச் சாய்த்தான். மூன்றாவதில் காலை நீட்டினான். "காரம் கூடிப்போச்சிம்மா," என்று கண்ணைத் துடைத்தான். அம்மா ஒரே அளவில்தான் போடுவாள், எப்போதும்.

நான் படம் எடுத்தேன். பின்னால் முழுக் கடல், அம்மா சிரிக்கிறாள், கை அவன் வாய்க்கு முன்னால். பேஸ்புக்கில் போட்டேன். தீவின் பெயரையும் போட்டேன். மேலே ஒரே வரி: "எங்கள் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்."

பின்னேரம் பார்த்தால் கம்பெனிப் பக்கமே ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தது. சத்தமாகச் சிரித்தேன்.

ஒக்டோபர் 26

சிரித்தேனா? மடச்சி.

காலையில் வண்டியோடு வந்தது வேறு ஒருவன். பதினொரு மணிக்கு அஷ்பாக் வந்தார், உள்ளே வரவில்லை. விருந்தாளியின் தளபாடத்தைப் பாவித்தது, வேலை நேரத்தில் சாப்பிட்டது, வேலை செய்யாமல் செய்ததாகப் பதிந்தது. மூன்று குற்றம். விசாரணை முடியும்வரை கிறகரியின் விடுமுறை நிறுத்தம்.

"எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியா தங்கச்சி."

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"நான் எழுதாட்டி என்னைய எழுதுவாங்க. எனக்கும் கெலிஓயால மூணு புள்ள." பிறகு மெதுவாக, "படத்த ஏன் போட்டீங்க? கண்டும் காணாம விட்டிருப்பேன். நேத்து நான் அந்தப் பக்கம் வந்துட்டுத்தான் திரும்பிப் போன," என்றார்.

சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அலுவலக வாசலில் நின்றாள், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. "ஐயா, நான்தான் ஊட்டினேன், தப்பு என்னோடது," என்று தமிழில். உள்ளே இருந்தவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் எழுந்து வந்து அம்மாவுக்குக் குளிர்ந்த ஜூஸ் கொடுத்தான். விருந்தாளியாம்! கும்பிடுகிற கையில் குடை குத்திய கிளாஸ். என் அம்மா ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பெற்ற பிள்ளைக்கு ரொட்டி கொடுத்ததற்கா? எந்த நாட்டுச் சட்டம் இது?

அண்ணனைத் தேடிப் பிடித்தேன், சலவை அறைக்குப் பின்னால். நான் கத்தப் போவதைப் பார்த்து அவனே முந்திக்கொண்டான்.

"ஒனக்குக் கோவம் வந்தா எழுதிட்டு பிளேன் ஏறிடுவ. நான்தான் இங்க நிக்கணும்."

படத்தை அழித்துவிட்டேன். அவன் உட்கார்ந்ததை ஊர் பார்க்க வேண்டும் என்று போட்டேனா, எனக்குக் கை தட்டுவார்கள் என்று போட்டேனா? இரண்டும்தான். ஆனால் தண்டித்தது நானில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 27

படகு புறப்படும்போது ஊழியர்கள் வரிசையாக நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். படகு மறையும்வரை ஆட்ட வேண்டும், அதுவும் வேலை. அண்ணன் ஆட்டினான். அம்மா கடைசிவரை திரும்பி நின்று பதிலுக்கு ஆட்டினாள். "பாருடி, எம்புட்டு நேரம் ஆட்டுறான்," என்றாள்.

நவம்பர் 3

அண்ணி திட்டவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 24

அண்ணன் போனில்: விசாரணைத் திகதி தெரியாது. பிள்ளை போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, வாறீங்களா?" என்றது. வாசலுக்கு வரும் பாண்காரனிடமும் அப்படித்தான் கேட்கும்.

டிசம்பர் 20

வட்டம் போட்ட நாள். அண்ணி காலையிலேயே கலண்டரைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். இனியும் தள்ளிப் போட அம்மா விடவில்லை. அண்ணனும், "குடுத்திடுங்க, என்னையப் பாத்துக்கிட்டிருந்தா புள்ள கலியாணத்தன்னிக்குத்தான் ஞானஸ்நானம் எடுக்கும்," என்றான். பகிடியாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

இன்று திருக்குடும்பத் திருவிழாவாம். ஃபாதர் பிரசங்கத்தில் அப்பா, அம்மா, பிள்ளை என்று இருபது நிமிடம் பேசினார். மெழுகுதிரியைத் தகப்பன் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன்.

ஜனவரி 12

மறுபடியும் திருடியிருக்கிறார்கள்.

கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் புது விளம்பரம். அம்மா! என் அம்மா. அதே நீலம், அதே சிரிப்பு. நான் அழித்த என் படம். அழிப்பதற்கு முன்னமே எடுத்து வைத்திருக்கிறார்கள். "இங்கே ஒவ்வொரு விருந்தாளியும் தன் வீட்டில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில். அண்ணனை வெட்டிவிட்டார்கள். தோளோடு வெட்டியிருக்கிறார்கள். அம்மாவின் கை ரொட்டித் துண்டோடு படத்தின் ஓரம்வரை நீண்டு நிற்கிறது. எதிரே யாரும் இல்லை. எவனுக்கு ஊட்டுகிறாள்?

கீழே ஆயிரக்கணக்கில் இதயம். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் கம்பெனி நன்றி சொல்கிறது.

எழுதத் தொடங்கினேன். நிறுத்தினேன். இந்த முறை முதலில் அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். நிற்கப் போவது அவன்.

ஜனவரி 13

பதில் இல்லை. பார்த்துவிட்டான் என்று மட்டும் காட்டுகிறது.

ஜனவரி 14

அதிகாலையில் குரல் செய்தி. கடல் சத்தம், அவன் மூச்சு, பிறகு:

"எழுது நடாஷா. என்னோட பேரையும் போட்டு எழுது."

ஜனவரி 19, ஞாயிறு

ஐந்து நாளாக ஒவ்வொரு காலையும் கடை திறக்குமுன் அந்தப் படத்தின் கீழ் எழுதுகிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். எனக்கு மேலே எழுதியவளுக்கு நன்றி வந்தது. எனக்குக் கீழே எழுதியவனுக்கும் வந்தது. அண்ணியும் எழுதினாள், அம்மாவின் பேரில் நான் ஒன்று எழுதினேன். கெலிஓயாவிலிருந்து தெரியாத ஒரு பெண் எங்கள் வரிகளுக்கு இதயம் போட்டிருக்கிறாள். அஷ்பாக்கின் மனைவியாக இருக்கலாம்.

இன்று பூசைக்குப் போகுமுன் எழுதியது இது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"இந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் பெயர் கிறகரி. அவனுடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்."