ராத்திரித் தண்ணீர்த் தெருக்கள்

பிப்ரவரி 1, ஞாயிறு

வாரம் தொடங்கிய அன்றே அலுத்துவிட்டது. நோன்பு மாதத்துக்கு முன்னால் தண்ணீர்ச் செய்தித் திட்டம் வெளியாக வேண்டுமாம். அம்மான் நகரில் எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் முறை என்று வீட்டுக்காரர்களின் போனுக்கு முன்கூட்டியே செய்தி போகும். அது சரியாகப் போகிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட்கள் என்னுடையவை. இதுவரை ஐந்தாறு தெருக்களை நானே அதில் எழுதி வைத்திருந்தேன்.

மேலாளர் ஃபிராஸ் சொன்னார்: "தஹானி, கையால எழுதினது போதும். டேட்டாபேஸோட இணைச்சுடு. ஊர்ல இருக்கிற அத்தனை தெருவும் அதுலேருந்தே வரட்டும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

பிப்ரவரி 3, செவ்வாய்

இணையவில்லை. டேட்டாபேஸைக் கவனிப்பவன் முஹன்னத். அனுமதி கேட்டால், "பொண்ணு கேட்டு வந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் குடுக்க மாட்டாங்க" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 4

இன்றும் இல்லை. தலைவலி.

பிப்ரவரி 5, வியாழன்

இணைந்துவிட்டது. ஓட்டினேன் — எல்லாம் பச்சை. தவறு என்று காட்டும் சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஃபிராஸ் அலுவலகத்துக்கே குனாஃபா இனிப்பு வரவழைத்தார். தண்ணீர் நிறுவனத்துக்குப் போன் போட்டு, "எல்லாத் தெருவும் சோதிச்சாச்சு, தயார்" என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் நாள். அம்மாவும் நானும் துணி துவைத்தோம். பாதியில் கை நின்றுவிட்டது.

நேற்றுச் சோதனை அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? ஐந்தாறு தெருவுக்கே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். ஊர் முழுக்க, நான் நாற்காலியில் சாய்வதற்குள்ளா?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தண்ணி வீணாப் போகுது பாரு" என்றாள் அம்மா.

ஒண்ணுமே வரலேன்னா? டேட்டாபேஸ்லேருந்து ஒரு தெருகூட வராமலே ஓடி முடிஞ்சிருந்தா? சோதிக்க எதுவும் இல்லேன்னா தப்பும் இருக்காதே. பச்சைதானே காட்டும். ஐயோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

அதேதான். முஹன்னத் கொடுத்திருந்தது பழகுவதற்கான காலிப் பிரதி. "மாத்திக் குடுக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன், சத்தியமா" என்று முகம் வெளுத்தான். நானாவது எத்தனை தெரு வந்தது என்று பார்த்திருக்க வேண்டாமா?

சரியானதோடு இணைத்து ஓட்டினேன். முதலில் பச்சையாகவே போனது. அப்புறம் ஒரே சிவப்பு.

பிப்ரவரி 9

காரணம் பிடிபட்டது. நகரின் கிழக்கே, குன்றின் மேலிருக்கும் சில தெருக்களுக்கு இரவில் தண்ணீர் திறந்து விடியலில் மூடுகிறார்கள். நம் மென்பொருளோ அவர்களுக்கு மறுநாள் தேதியைச் சொல்கிறது. செய்தியை நம்பிக் காத்திருந்தால் தண்ணீர் வந்து போயிருக்கும். பிறகு அடுத்த வாரம்தான். அதுவும் நோன்பில். நான் கையால் எழுதியிருந்தவை எல்லாம் பகலில் தண்ணீர் வரும் தெருக்கள்.

ஃபிராஸ் கதவைச் சாத்தினார். "அந்தத் தெருக்களை மட்டும் சோதனையிலேருந்து எடுத்துடு. பச்சையாயிடும்."

"சோதனை பச்சையாயிடும், உஸ்தாத். அவங்க வீட்டுக்குத் தண்ணி?"

"வெளியிட்டுட்டு சரி பண்ணிக்கலாம். நான் வாக்குக் குடுத்துட்டேன், புரியுதா?"

புரிந்தது. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் —

பிப்ரவரி 10

எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

கூட்டம். தண்ணீர் நிறுவனத்திலிருந்து பொறியாளர் இப்திஸாம் வந்திருந்தார். ஃபிராஸ் பேசி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சோதிச்சீங்களா? எல்லாம் சரியா?"

ஃபிராஸ் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. ராத்திரித் தண்ணி வர்ற தெருக்களுக்குத் தப்பாப் போகுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

வெளியீடு தள்ளிப்போனது. வெளியே வந்ததும் ஃபிராஸ் சொன்னது ஒன்றுதான்: "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."

சொன்னேனே. சொன்னேன்தானே?

பிப்ரவரி 16

திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா மென்பொருள். அம்மாவிடம் சொல்லவில்லை. அழவும் தெம்பில்லை.

மார்ச் 3, செவ்வாய்

நோன்பின் நடுவில் தண்ணீர்ச் செய்தி ஒருவழியாக வெளியானது. எனக்கு யாரும் சொல்லவில்லை. முஹன்னத்தான் என் மேசைக்கு வந்தான். உதவி எண்ணில் இன்று அவன் உட்கார்ந்திருந்தானாம்.

"முதல் புகாரே வந்துடுச்சு, தஹானி."

"எங்கேருந்து?"

"குன்று மேலேருந்து. ஒரு அம்மா. சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிற வரைக்கும் கொஞ்சம் தூங்கலாம்னு படுத்தாங்களாம், நம்ம செய்தி வந்து போன் அடிச்சுப் பிள்ளையை எழுப்பிடுச்சாம். என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"தண்ணி வந்துச்சான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'தொட்டி ரொம்பி வழியுது, அதுக்காக இப்படியா எழுப்புவீங்க'ங்கறாங்க."

அவன் போன பிறகு சந்தா மென்பொருளைத் திறந்தேன்.