பெட்டி பெரிது, அறை சிறிது

மார்ச் 3, செவ்வாய்
பழைய ஸ்பீக்கர் ஜோடியை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டாயிற்று. நான் மட்டுமே உபயோகித்தது, கீறல் இல்லை. விற்கும் காரணம்: பெட்டி பெரிது, அறை சிறிது. போட்டால் ஜன்னல் அதிர்கிறது. சின்னதாக வேறு வாங்கிவிட்டேன். அத்தனையும் சத்தியம்.

மார்ச் 4, புதன்
காலையிலிருந்து ஃபோன். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "நல்லா இருக்குன்னா ஏன் சார் விக்கிறீங்க?"
அறை சிறிது என்றேன்.
"வாங்கும்போது பெருசா இருந்துச்சா?"
ஃபோனை வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி
ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். கல்லூரியில் கணக்கு வாத்தியார். டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். எதற்கு முகர்ந்தார்? பாட்டுப் போட்டேன். அருமையாகக் கேட்டது. அதுதான் வினையாகிப் போனது. "இவ்வளவு நல்லா இருக்கே..." என்று இழுத்தவர், என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.
இவள் காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "உண்மையைச் சொன்னா யாருங்க நம்புவா? பொண்டாட்டி திட்டறான்னு போடுங்க."
"நீ எப்ப திட்டின?"
"ஆள் வரட்டும், திட்டறேன்."

மார்ச் 7, சனி
"மனைவியின் எதிர்ப்பு காரணமாக" என்று மாற்றிப் போட்டேன். இன்று ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்கள்.

மார்ச் 8, ஞாயிறு
கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். சாதுவான மனிதர். அவர் உட்கார்ந்ததும் இவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.
"எடுத்துட்டுப் போங்க இந்தச் சனியனை! வீடா இது, கொட்டகையா?"
நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை. இவள் நிறுத்தவில்லை.
"ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பெட்டிக்கும் எதிர்ல கண்ணை மூடிட்டு உட்கார்ந்துடுவாரு. நான் ஏதாவது பேச வந்தா, 'நடுவுல நிக்காத, சத்தத்தை மறைக்குது'ன்னுவாரு. பேசறதும் சத்தம்தானே டாக்டர்?"
இது நாங்கள் பேசி வைத்ததில் இல்லை.
டாக்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். வாசலில் மட்டும் நெளிந்தார். "சார், எங்க வீட்ல கேட்டா... உங்க நாயைக் காப்பாத்துனதுக்கு சும்மா குடுத்தீங்கன்னு சொல்லிக்கறேன். தப்பா நினைக்காதீங்க."
"எங்ககிட்ட நாயே இல்லையே?"
"அது அவளுக்குத் தெரியாதில்ல!"
அவர் போனதும், "நடிப்பு பிரமாதம்" என்றேன். "ம்" என்றாள். வெறும் ம். நான் அப்படியா சொல்லுவேன்? சொல்லுவேன். போன வாரம்கூடச் சொன்னேனே.

மார்ச் 11, புதன்
டாக்டரின் மனைவி ஃபோன் செய்தார். புருஷன் ஃபோனிலிருந்து நம்பர் எடுத்தாராம். இவள்தான் பேசினாள்.
"உங்க நாய் இப்ப எப்படிங்க இருக்கு?"
இவள் அசரவில்லை. "இப்பத்தான் எழுந்து நடக்குதுங்க. டாக்டர் மட்டும் இல்லன்னா போயே போயிருக்கும்." குரல் வேறு தழுதழுத்தது!
"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுமா?"
"தாராளமா வாங்க."
அடிப்பாவி.

மார்ச் 13, வெள்ளி
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே டாக்டர் ஓடி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "மானம் போயிடும் சார்." யாரோ கிளினிக் வாசலில் விட்டுப்போன நாய் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். கால் உடைந்து தேறியது. "ஒரே ஒரு நாள் வச்சுக்கங்க, போதும்."

மார்ச் 15, ஞாயிறு
பழுப்பு நாய். ஒரு காது மடிந்திருக்கிறது. காலையில் டாக்டர் கொண்டுவந்து விட்டதுமே, ஸ்பீக்கர் இருந்த மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. சாயங்காலம் அந்த அம்மா டாக்டரோடு வந்தார். பார்த்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு, நொண்டியபடியே ஓடி அவர் காலை நக்கியது. நல்ல நாய், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அவர் வண்டி எடுக்கப் போன நேரம் பார்த்து, அந்த அம்மா எங்களிடம் குரலைத் தாழ்த்தினார்.
"கிளினிக்ல இதுக்குத் தினமும் சாப்பாடு வைக்கிறதே நான்தாங்க."
நான் இவளைப் பார்த்தேன். இவள் என்னைப் பார்த்தாள்.
"பயப்படாதீங்க. பெட்டியப் பத்தி நான் அவர்கிட்ட வாயே திறக்க மாட்டேன். நீங்க நாயைத் திருப்பிக் குடுக்காம இருந்தா சரி."
வண்டி ஏறும் வரை சிரித்துக்கொண்டே போனார்.

மார்ச் 29, ஞாயிறு
காலையிலேயே நாய் கதவைப் பிறாண்டியது. இவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நான் பக்கத்தில். ஏரிக்கரை வரை போய் வந்தோம். என்ன பேசினோம் என்று எழுதலாமென்று உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வாய் மட்டும் வலிக்கிறது.