புதுச்சேரிக்குப் போன சவுரி

செஞ்சி,
8-10-1967

சிரஞ்சீவி நீலாவதிக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. சிங்கவரம் ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜெயராமனும் அந்த பர்மிங்ஹாம் குளிரிலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று படித்தால்தான் இங்கே இரண்டு பேருக்கும் சோறு இறங்கும். இந்த வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல், மண்டியில் மூட்டை வைக்க இடமில்லாமல் வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கிறேன், ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் எல்லாவற்றையும் காயவைத்து ஏற்றிவிட வேண்டும் என்று ஓட்டமாக ஓடுகிறேன். அங்கே டப்பாவில் உப்புப் போட்டு விற்கிற வேர்க்கடலை நம் மல்லாட்டை மாதிரி இல்லை என்று எழுதியிருந்தாய். எப்படி இருக்கும், எந்த ஊர்க் களத்தில் காய்ந்ததோ.

உன் கடிதம் கிடைத்து இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, கோபம் என்று நினைக்காதே. தலைக்குக் குளித்தால் மறுநாள் வரைக்கும் முடி காய்வதில்லை, வெயில் என்பதே கண்ணில் படவில்லை, ஒவ்வொரு முழுக்குக்கும் தலைவலியும் சளியும் வருகிறது, டாக்டர் தலையை ஈரமாக வைக்கக் கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தாய். முடி உலர்த்துகிற மிஷின் வாங்கப் போனால் கடைக்காரப் பெண் உன் முடி என்ன ரகம் என்று கேட்டாள், சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன், அம்மாவைக் கேட்டு எழுதுங்கள், இந்தப் படங்களில் எது சரிப்படும் என்றும் சொல்லுங்கள் என்று காகிதம் வெட்டி அனுப்பியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஷின் சரிப்படாவிட்டால் குளிர் முற்றுவதற்குள் கழுத்தளவு வெட்டிக்கொள்ளலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதினாயே, அதைப் படித்ததும் அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்து அரிசிக் குதிர் மேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவள்தான், அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பேசாமல் இருந்தாள். உன் அம்மா பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் மனுஷன் இருக்க முடியுமா என்று உனக்குத் தெரியாததா. அடுத்த வீட்டு விருத்தாம்பாள் வேறு மோர் கேட்க வந்தவள், "இன்னா ஆதிலட்சுமி, சுமங்கலிப் பொண்ணு முடிய வெட்டிக்கிறதாமே, சீமைக்குப் போனா சாமிக்குக் கண்ணு தெரியாதா" என்று எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒன்று சொல்கிறேன். முடி என்ன ரகம் என்று ஒருத்தி கேட்டு உனக்குப் பதில் தெரியவில்லை என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதை நீ எங்கே கவனித்தாய், அம்மா கவனித்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மண்டி மொட்டை மாடியில் கோணிச் சாக்கை விரித்து உன்னைப் படுக்கவைத்து, கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியைப் பரப்பி, கூடைக்குள் சாம்பிராணிப் புகை போடுவாள். நீ பாட்டுக்குக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டு கிடப்பாய். பக்கத்தில் மல்லாட்டை காயும், இந்தப் பக்கம் நீ காய்வாய். ராஜகிரிக் கோட்டைப் பாறை வெயிலை வாங்கிவைத்துச் சாயங்காலம் வரைக்கும் விடுகிற வெக்கை இருக்கிறதே, அதில் காய்ந்த முடி அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் உன் பின்னலை மோந்து பார்த்து மண்டி வாசனை என்று கேலி செய்கிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வருவாய், நான் காயைத் துழாவிக்கொண்டே அது நம் வீட்டு அத்தர் என்பேன். இப்போதும் அந்த மாடியில் காய் துழாவும்போது நீ கிடந்த மூலையில் கால் வைக்காமல் சுற்றிப் போகிறேன். யாராவது பார்த்தால் கிழவனுக்கு என்ன என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

காயவைப்பது என்றால் என்ன என்று இந்த ஊரில் என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது. அதனால் உன் படங்களை வைத்துக்கொண்டு நானே அம்மாவுக்கு வியாக்கியானம் செய்தேன். ஒன்று துப்பாக்கி மாதிரி கையில் பிடித்து ஊதுவது. இன்னொன்று ஒரு பெட்டியிலிருந்து குழாய் வந்து, தலையில் மாட்டுகிற பை மாதிரி குல்லாயில் சேருவது. துப்பாக்கிதான் சுருக்காக வேலை முடிக்கும் என்றேன். அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "படத்தைப் பாத்து சொல்றதுக்கு நீங்க இன்னா ஜோசியரா. அவ முடியில ஊதிப் பாத்தாதான தெரியும்" என்றாள். அவள் முடி பர்மிங்ஹாமில் இருக்கிறதே என்றேன். உடனே உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தாள். நீ பத்தாவது படிக்கும்போது விஷக்காய்ச்சல் வந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதே, சீப்பில் வந்ததை எல்லாம் அம்மா சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகிச் சேர்த்துவைத்தாள், பிறகு அதைச் சிக்கெடுத்து நீளமாகச் சவுரி கட்டிவைத்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போகலாம் என்கிறாள். அங்கே பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிற கடை ஒன்று இருப்பதாக எண்ணெய் ஆலைக்குச் சரக்கு கொண்டுபோகும்போது நான் எப்போதோ பார்த்துவந்து சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள்.

மண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். வேறென்ன செய்வது. விடியற்காலை அம்மா சவுரியைச் சீயக்காய் போட்டு அலசி, காய்ந்துவிடக் கூடாது என்று ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். திண்டிவனம் போவதற்குள் தண்ணீர் சொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் புடவை நனைந்துவிட்டது. "இன்னாம்மா மூட்டையில" என்று அந்த அம்மாள் கேட்க, உன் அம்மா ஒளிவுமறைவில்லாமல் "எம் பொண்ணு முடி" என்றாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் மாங்கல்யத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். பில்லி சூனியம் என்று நினைத்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் பஸ் மாறும் வரைக்கும் எங்கள் சீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை, நான் காலை நீட்டிக்கொண்டு சொகுசாகப் போனேன்.

அந்தக் கடைக்காரி பெயர் மதலேன் அம்மாள், வயசானவள், தமிழ்தான் பேசுகிறாள். ஈரச் சவுரியைக் கையில் கொடுத்து, இதற்கு மிஷின் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் கைத்துப்பாக்கியை எடுத்து முழுச் சூட்டில் ஊதினாள். சுருக்காகத்தான் காய்ந்தது. ஆனால் நுனியெல்லாம் பறந்து பிரிந்து தேங்காய் நார் மாதிரி நின்றது, லேசாகத் தீய்ந்த வாசனையும் வந்தது, சவுரியின் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே அப்படியே ஈரம். ஆடி வெயிலில் அவசரமாகக் காயவைத்த மல்லாட்டையும் இப்படித்தான், ஓடு கலகலக்கும், உடைத்தால் பருப்பு ஈரமாக இருந்து பூஞ்சணம் பிடிக்கும். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு மதலேன் அம்மாள் அதை வாங்கி மறுபடி நனைத்து, குல்லாய் மிஷினுக்குள் வைத்துச் சூட்டைக் குறைத்து ஓடவிட்டாள். நேரம் பிடித்தது, நான் வெளியே போய் டீ குடித்துவிட்டே வந்தேன். எடுத்துப் பார்த்தால் கட்டு வரைக்கும் உலர்ந்து, சுருள் கலையாமல், மினுமினுவென்று இருந்தது. அம்மாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். மதலேன் அம்மாள் இவள் தலையை நனைத்துக் குல்லாயை மாட்டிவிட்டாள். சத்தம் கேட்டுப் பயப்படுவாள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கழற்றியதும், "நம்ம மாடியில குந்திக்கிணு இருந்த மாதிரி இருக்குதுங்க, சாம்பிராணி வாசனைதான் இல்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை இல்லை அது.

ஆகவே கடைக்காரப் பெண் கேட்டால் இப்படிச் சொல். அடர்த்தி அதிகம், இழை தடிப்பு, சுருட்டை, மேலே சீக்கிரம் காயும், வேரில் தண்ணீர் நிற்கும். இந்த ரகத்துக்குச் சூடு குறைவாகவும் காற்று தாராளமாகவும் வேண்டும், குல்லாய் வகைதான் சரி. குல்லாய் உன் கொண்டை முழுக்கக் கொள்ளுகிற அளவா என்று கடையிலேயே மாட்டிப் பார், குழாய் நீளமாக இருந்தால் நீ உட்கார்ந்து படிக்கலாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இல்லாததை வாங்காதே. மெல்லிசு முடிக்காரிக்குக் கைத்துப்பாக்கி போதும், உனக்கு அது ஆகாது என்று மதலேன் அம்மாளும் சொன்னாள். முதலில் துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. முடியை நாலாகப் பிரித்து வேரில் விரலை விட்டு விட்டுக் காற்று போகச் செய், பெரிய பல் சீப்பால் வாரு. எண்ணெயை உலர்ந்த பிறகு தொட்டு வை, ஈரத்தில் வைத்தால் மறுபடி சளிதான்.

இனிதான் விஷயம். வீட்டுக்கு வந்து சவுரியைப் பெட்டியில் வைக்கப் போன அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் இன்னொரு சவுரி இருந்தது, அதைக் கட்டியிருந்தது சிவப்பு நூல். உன் சவுரிக்குத்தான் சிவப்பு நூல். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனது கறுப்பு நூல் கட்டினது, அம்மாவுடையது. நீ பிறந்த வருஷம் பிள்ளை பெற்ற உடம்புக்கு முடி கொட்டியதே, அதில் கட்டியது. "வேற தலை முடிய வச்சிப் பாத்துட்டு வந்துட்டோமே, அவளுக்குத் தப்பா எழுதி அவ தலை பாழாயிடுமே" என்று கலங்கிப்போனாள். நான் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடி நூலைத் தொடாமல் இழையை மட்டும் உருட்டிப் பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு காயைக் கையில் கொடுத்தால் அது மேல்சித்தாமூர்க் காயா மண்டகப்பட்டுக் காயா என்று சொல்லிவிடுகிறவன் நான். இதில் எது உன்னுடையது எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் இரண்டையும் நனைத்து மாடியில் போட்டோம், இரண்டும் ஒன்றுபோலவே காய்ந்தன, ஒன்றுபோலவே சுருண்டன. அதனால் மேலே எழுதியது தப்பில்லை, தைரியமாக வாங்கு.

மாப்பிள்ளையை ப்ளக் எல்லாம் சரிபார்க்கச் சொல், ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடாதே, குளிக்கிற அறைக்குள் அந்த மிஷினைக் கொண்டுபோகவே கூடாது. குளிருக்குக் காது மூடிக் கட்டிக்கொள். உடம்புதான் முக்கியம், தலைவலி வந்தால் மறைக்காமல் எழுது.

மிஷினும் சரிப்படாவிட்டால் என்ன எழுதட்டும் என்று நேற்று அம்மாவைக் கேட்டேன். நான் பயந்துகொண்டேதான் கேட்டேன். அவள் இரண்டு சவுரியையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டு பிரித்துக்கொண்டிருந்தாள். "தலை நோவோட எதுக்கு அவ முடிய சொமக்கணும், வெட்டிக்கட்டும். ஊருக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டுலயே ஓரமா குந்தவச்சி சவுரி வச்சிப் பின்னிக் கூட்டியாந்துடறேன், எவளுக்குத் தெரியும்" என்றாள். அவளுடையதை வைப்பாயா, உன்னுடையதை வைப்பாயா என்று கேட்டேன். "அவ எம் வயித்துல இருந்து வந்ததுக்குக் கொட்டின முடி, அவளுக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்" என்று சொல்லிவிட்டு, சிவப்பு நூலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டையும் சேர்த்து ஒரே கறுப்பு நூலில் கட்டினாள்.

தீர்க்க சுமங்கலியாக, நோய்நொடி இல்லாமல், நிறைந்த தலையோடு இரு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். மிஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஊருக்கு எப்போது வருகிறாய் என்பதை மட்டும் மறக்காமல் எழுது, பஸ் ஸ்டாண்டுக்கு அம்மா சீப்போடு வர வேண்டும்.

உன் அன்பு நைனா,
சொக்கலிங்கம்
மல்லாட்டை மண்டி, கடைத்தெரு, செஞ்சி