நகரி வீட்டுப் பூட்டு

திருத்தணி
12-9-1960

சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எனக்கும் நைனாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்தூரில் உன் தங்கை வெங்கடலட்சுமியும் சுகம், கொழும்பு மழையில் நனையாமல் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மேலே திருத்தணி என்று பார்த்துப் பயந்துவிடாதே, நைனா சொல்லக் கூடாது என்றதால் இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. நம்மிடம் லுங்கி வாங்கிக் கொழும்பில் இறக்க உன் முதலாளி எடுத்த பெர்மிட்டில், லுங்கி சென்னை ராஜ்யத்தில் நெய்ததாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, அதைத் திருத்த ஆறு மாதம் ஆகும் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் நைனாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நம் நகரிதான் ஆந்திராவில் நின்றுவிட்டது, திருத்தணி ஏப்ரலிலேயே சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டதே என்று, இங்கே இருக்கிற உன் தாட்சாயணி அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்து, தறி இங்கேதான் இருக்கிறது, வேறு எங்கும் வீடோ தறியோ இல்லை என்று கையெழுத்துப் போட்டுச் சென்னை ஆபீசுக்குச் சர்டிபிகேட் கேட்டு அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்டிபிகேட் கொடுக்குமுன் தறியைப் பார்க்க ஆள் வரும் என்று பதில் வந்ததும், இரண்டு தறியையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அத்தை மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டுக் கொட்டகையைக் கொடுத்தாள், அதில் குழி வெட்டித் தறியை இறக்கினோம். ஆபீசர் வந்து, எத்தினி வருசமா இங்க இருக்கீங்கம்மா என்று என்னைக் கேட்டார். வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இங்கதாங்க என்று சொல்லிவிட்டேன், வாய் கூசிப்போயிற்று. அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இனி ஒவ்வொரு தடவை சரக்கு போகும்போதும் சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றார். பத்து நாளில் திரும்பலாம் என்று வந்தவள் நாலு மாதமாக இங்கேயே கிடக்கிறேன். நகரி வீடு பூட்டியே இருக்கிறது.

வெங்கடலட்சுமிக்குக் கார்த்திகையில் பிரசவம். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தானே பிறக்க வேண்டும். அவள் மாமியார் ஆள் அனுப்பி, பொண்ண எந்த வூட்டுக்குக் கூட்டிக்கினு போவீங்க என்று கேட்கிறாள். அத்தைக்கு இருப்பது ஒரே அறை, அதிலும் நூல் மூட்டை. நகரி வீட்டைத் திறக்கலாம் என்றால், புளுகு வெளியே வந்தால் ஜெயில்தான் என்கிறார் நைனா. அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த பெர்மிட் வந்தால் மூன்றாவது தறி போடலாம் என்கிறார். எனக்கு மூச்சு முட்டுகிறதடா.

நீ ஒன்று செய். அடுத்த பெர்மிட் கிடைத்தாலும் கிடைக்கவில்லை என்று நைனாவுக்கு எழுதிவிடு, அப்போதுதான் தறியைப் பிரித்துக்கொண்டு நகரிக்குத் திரும்புவார். நம் லுங்கியில் சாயம் போகிறது, இனி பெர்மிட் வந்தாலும் முதலாளிக்கு வேண்டாமாம் என்றும் எழுது. நைனா போடுகிற சாயத்தைக் குறை சொன்னால் இரண்டு நாள் சோற்றைத் தொடமாட்டார், எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், எழுது.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பெருமாள் உன்னை நன்றாக வைப்பார். பதிலை இந்த விலாசத்துக்கு நைனா பேருக்கே போடு, நான் எழுதினதாக அதில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அம்மா
சந்திரம்மா