அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

மார்ச் 4, செவ்வாய்

பல் லேபுக்குள் நுழைந்ததும் மூத்த டெக்னீஷியன் பேப்பரை நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் படம் வந்திருக்கு."

"பழைய வீட்டுக்காரர்" என்று திருத்தினேன்.

"படம் புதுசுதானே!"

சிரித்துவிட்டேன். மண் பாதை பைக் பந்தயத்தில் மூன்று முறை சாம்பியன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் நான்காவது. விவாகரத்தாகி இரண்டு வருடம். சண்டை ஒன்றும் இல்லை. பந்தயம் நடக்கும் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்று நான்கு பல்செட் முடித்தேன். ஒன்று பெரிதாகிவிட்டது, நாளைக்குத் தேய்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பந்தய மைதானத்து டாக்டரிடமிருந்து போன். அவனுடைய படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க என் நம்பர்தான் இருந்ததாம். மாற்றவே இல்லையா? சோம்பேறி.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மனைவி" என்று வாயில் வந்துவிட்டது.

ஐந்தாவது சுற்று. மேட்டிலிருந்து பைக்கோடு தாவியிருக்கிறான். இறங்கும் இடத்தில், பந்தயத்தில் முன்னால் போன பெண் விழுந்து கிடந்திருக்கிறாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது தாவிய பிறகுதான் கண்ணில் படும். அவள் மேல் இறங்காமல் அந்தரத்திலேயே பைக்கை ஒடித்துத் திருப்பியிருக்கிறான். அவள் பிழைத்தாள். அவன் தலைகுப்புற —

ஆபரேஷன் நடக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில். ரெண்டு வருஷமா எனக்கும் அத்தைக்கும் பேச்சே இல்ல.

மார்ச் 10

போய்விட்டான். காலை ஆறு இருபது.

மார்ச் 12, புதன்

எல்லாம் முடிந்தது. பந்தய உடையிலேயே அனுப்ப வேண்டும் என்றார்கள் கிளப்காரர்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டுச் சட்டை போடுங்க. வீட்டுக்குத்தான வந்திருக்கான்."

எந்தச் சட்டை என்று என்னைத்தான் பார்த்தார். நீலக் கட்டம் போட்டதை எடுத்துக் கொடுத்தேன். காலர் நைந்தது. அவனுக்கு அதுதான் பிடிக்கும். பிடித்திருந்தது. இனிமே எப்படித்தான் எழுதறது?

மார்ச் 16, ஞாயிறு

அந்தப் பெண் அத்தை வீட்டுக்கு வந்தாள். கையில் மாவுக்கட்டு. வாசலைத் தாண்டவில்லை. கிளப்பில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

எனக்கும் கோபம்தான். இதிலாவது உண்மையை எழுதுகிறேனே — நீ ஏன்டி அங்க விழுந்தே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"எலும்பு எத்தன எடத்துல ஒடஞ்சிது?"

"ரெண்டு எடத்துலம்மா."

"தூக்கம் வருதா?"

அவள் உடைந்துவிட்டாள். "எனக்காகத்தான் திருப்பினார். நேரா வந்திருந்தா அவர் பொழச்சிருப்பார்மா."

அத்தை வாசலுக்கு வந்து அவளுடைய மற்றக் கையைப் பிடித்தார். பிறகு, "என் புள்ள கடைசியா பண்ண காரியம் அது. அதப் போய் தப்புங்காத. உள்ள வா" என்றார்.

நான் போய் டீ போட்டேன். வேறென்ன செய்ய?

மே 2

அத்தை போன் செய்தார். "அந்தப் பொண்ணு மறுபடி வண்டி எடுக்கப் போறாளாம். பைத்தியம்." குரலில் கோபமே இல்லை. வாரம் இரண்டு முறை அத்தை வீட்டுக்கு வருகிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இருவரும்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அந்தப் பெண் ஓட்டும் பந்தயத்துக்குப் போகலாம் என்று சொன்னது அத்தைதான். மகன் ஓட்டி ஒருநாளும் பார்த்தவர் இல்லை. நான் பார்த்தே ஐந்து வருடம் ஆகிறது.

கிளப் செயலாளர் முன்வரிசையில் நாற்காலி போட்டார். அத்தை உட்காரவில்லை. நேரே அவன் விழுந்த அந்த மேட்டுக்குப் பக்கத்து வேலியோரம் போய் நின்றுகொண்டார். அவ்வளவு வீறாப்பும் முதல் பைக் தாவும் வரைதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

நான் மூடவில்லை. பன்னிரண்டு சுற்றும் பார்த்தேன். அந்தப் பெண் பதினான்காவதாக வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

எண்ணிப் பார்த்தேன். கிளம்பிய இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்க."

அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.