சங்கத்துப் புத்தகத்தில் பதினேழாம் பெயர்

இராயப்பர் துணை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
02.07.1998

அன்புள்ள மச்சான் சூசைதாசனுக்கு,

மரியநேசன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் நீ செத்து இன்றைக்கு நாலாம் நாள். செத்தவனிடம் என்ன சுகம் விசாரிப்பது? பதறாமல் முழுவதையும் வாசி. என் தங்கச்சிக்கும் உன் பிள்ளைகளுக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. இங்கிருந்து வெளியே போகப் பாஸும் கிடைத்துவிட்டது. வாசித்து முடித்ததும் இதை அடுப்பில் போடு.

முதலில் உன்னை ஏச வேண்டும். ஏசாமல் மேற்கொண்டு எழுத எனக்குக் கை ஓடாது. மண்டபம் முகாமில் இருந்துகொண்டு, மன்னாரில் இருக்கும் நம் தலைமைச் சங்கத்துக்கு மாற்றுக் கடிதம் கேட்டு எழுதும்படி உனக்கு யார் புத்தி சொன்னது? அங்கே நாலு தொழிலாளிகள் சேர்ந்து இராயப்பர் சகோதர சங்கத்துக்கு ஒரு கிளை தொடங்குகிறீர்கள், நல்ல விஷயம். அதில் நீ பொறுப்பெடுக்கப் பழைய கிளையின் மாற்றுக் கடிதம் வேண்டும், அதுவும் சரி. ஆனால் அந்த விண்ணப்பத்தைத் தலைவர் நேரில் கொண்டுவந்து, பழைய கிளையின் கூட்டத்தில், கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதுபோல மூன்று தரம் உரத்து வாசித்து, இவருக்கு விரோதமாகச் சொல்ல யாருக்கும் ஏதும் உண்டோ என்று கேட்க வேண்டும் என்பதும் சட்டம்தானே? மூன்று வருடம் எனக்குத் துணைச் செயலாளராக இருந்தவன் நீ. எத்தனை பேருடைய விண்ணப்பத்தை நீயே பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அறிவு கெட்டவனே, அது உனக்கு எப்படி மறந்தது?

நாச்சிக்குடாவில் வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்யப் போன இடத்திலிருந்து, பாஸ் இல்லாமல் நீ இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது இந்தக் கரையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, தங்கச்சி ஆன்சலாவுக்கு, என் மனுசி ஜோசப்பினுக்கு. மற்ற எல்லாருக்கும் நீ தொழிலுக்குப் போய்த் திரும்பாத ஆள். சங்கத்திலும் அப்படித்தான். பெயர் கூப்பிடும்போது ஆள் தொழிலில் நின்றால், மூத்த சகோதரர் சங்கத்துத் துடுப்பில் கை வைத்து, கடலிலை நிக்கிறார் என்று அவருக்காகப் பதில் சொல்வது நம் வழக்கம். எத்தனை நாள் நிற்கலாம் என்று சட்டத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இருபது மாதம் உன்னைக் கடலிலேயே நிறுத்தி வைத்தேன். மாதா மாதம் உனக்குப் பதில் சொல்லும்போது மூத்தவர் சந்தியாப்பிள்ளை அண்ணையின் குரல் தடுமாறும். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

மகன் யதுசனுடைய குடலிறக்கம் பெரிதாகிவிட்டது. இங்கே வெட்டிச் சரிசெய்ய டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் கேட்டு ஆன்சலா எழுதிக் கொடுத்து மூன்று மாதமாயிற்று. பிள்ளைக்குக் காயம் ஆறியதும் அங்கிருந்து மூவரும் உன்னிடம் வருவதுதான் எண்ணம் என்பது உனக்குத் தெரியும். அதனால் மகள் டிலானிக்கும் சேர்த்துக் கேட்டிருந்தோம். அங்கேதான் சிக்கல். இயக்கத்துப் பாஸ் கந்தோரில் இருக்கும் கதிர்காமநாதன் மாஸ்டர் ஒவ்வொரு முறையும், “புருசன் எங்கை? காணேல்லை எண்டா எங்கை காணேல்லை? வருத்தக்காரப் பிள்ளையோடை பெட்டைப்பிள்ளை ஏன் போகவேணும்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவரையும் பிழை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்று போன எத்தனை குடும்பம் திரும்பி வந்தது? நீ இந்தியாவில் இருப்பது அவர் காதில் விழுந்தால் பாஸ் இந்தப் பிறவியில் இல்லை. அதோடு நிற்கவும் மாட்டாது.

இனித் திங்கட்கிழமைக்கு வருகிறேன். இராயப்பர் திருநாளுக்குத் தலைவர் எங்கள் கிளையைப் பார்க்க வருகிறார் என்று வைகாசியிலேயே கடிதம் வந்திருந்தது. கதிர்காமநாதன் மாஸ்டரையும் விருந்தாளியாகக் கூப்பிட்டு முன்வரிசையில் கதிரை போட்டது நான்தான். மனுசன் மனம் கொஞ்சம் இளகட்டும் என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

புதுத் தலைவர் அந்திரேயாப்பிள்ளை ஐயாவை நீ கண்டிருக்க மாட்டாய். தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். நல்ல மனுசன், ஆனால் மன்னார் டவுனிலேயே இருந்து பழகியவர். இங்கத்தைச் சட்டதிட்டம் ஒன்றும் அவருக்குப் பிடிபடாது. ஒரு கடிதம் கையில் வந்தால் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும்வரை நித்திரை கொள்ளமாட்டார். சனிக்கிழமை வர வேண்டியவர். உயிலங்குளத்தில் ஆமி ஒருநாள் மறித்து, பிறகு துணுக்காயில் தங்கி, கடைசித் தூரம் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து, திங்கட்கிழமை பூசை முடிந்த பிறகுதான் தலையெல்லாம் புழுதியாக வந்து இறங்கினார். இறங்கின கையோடு மாலை, வாழ்த்துப்பா, ஊர்வலம். தனியாக ஒரு சொல் கதைக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. கதைக்க ஏதும் இருக்கிறது என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

கூட்டக் கொட்டிலில் மேசைக்கு முன்னால் அவரும் நானும். அவர் பையைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து அடுக்கி வைத்தார். மேலே இருந்தது உன் கையெழுத்து. “மண்டபம் முகாம்” என்று நீ கொட்டை எழுத்தில் வேறு எழுதியிருந்தாய். எட்டிப் பார்த்தால் வாசிக்கும் தூரத்தில் கதிர்காமநாதன் மாஸ்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

செபம் முடிந்தது. பெயர் கூப்பிடத் தொடங்கினேன். நாற்பத்திரண்டு பேரில் நீ பதினேழு. இரண்டாம் பெயருக்கும் மூன்றாம் பெயருக்கும் இடையில் ஐயாவின் காதுக்குள், அந்தக் கடிதம் வேண்டாம் என்றேன். அவருக்கு இடது காது கேளாதாம். “என்ன, தம்பி?” என்று கொட்டில் முழுக்கக் கேட்கக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒரு துண்டில் “பதினேழை வாசிக்க வேண்டாம்” என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். பதின்மூன்று, பதினாலு என்று நான் இழுத்து இழுத்து கூப்பிட்டேன்.

பதினேழு வந்தது. உன் பெயரைச் சொன்னேன். சந்தியாப்பிள்ளை அண்ணை எழும்பித் துடுப்பில் கை வைத்து, “கடலிலை நிக்கிறார்” என்றார். ஐயா நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், உன் கடிதத்தைக் கையில் எடுத்தார். “ஆர் சொன்னது கடலிலை எண்டு? இந்தச் சகோதரனைப் பற்றி ஒரு நல்ல செய்தியோடை எல்லோ நான் வந்திருக்கிறன்” என்றார். கதிர்காமநாதன் மாஸ்டர் காலைக் கீழே இறக்கி முன்னுக்குச் சரிந்து இருந்தார்.

என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எழும்பிப் போய்த் துடுப்பில் கை வைத்தேன். “ஐயா குறை நினைக்கக் கூடாது. சூசைதாசன் மோசம் போயிட்டார். நாச்சிக்குடாவிலையிருந்து எனக்கு அறிவிச்சவை. திருநாள் முடியட்டும் எண்டு மறைச்சு வைச்சிருந்தனான்” என்று சொல்லிவிட்டேன். சட்டம் உனக்குத் தெரியும். செயலாளர் துடுப்பில் கை வைத்து மரணம் அறிவித்தால், எல்லாரும் இருந்த இடத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். அந்தப் பெயரில் அதற்குமேல் அன்றைக்கு ஒரு அலுவலும் எடுக்கக் கூடாது.

எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். ஐயா மட்டும் கடிதத்தைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்தார். கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோப்பையைத் தூக்கி அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அவரும் முழங்காலில் நின்று, “நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே” என்று தொடங்கினார். அந்தக் கிழவனின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் மச்சான், நான் ஒன்றை மறந்துவிட்டேன். பின்னால் பெண்கள் பக்கத்தில் ஆன்சலா இருந்தாள். உன் கடிதங்கள் என் கைக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். உண்மையிலேயே செய்தி வந்து நான் மறைத்துவிட்டேன் என்று நம்பிவிட்டாள். அவள் கத்திய கத்து இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. அவள் விழ, டிலானி “அப்பா” என்றுகொண்டு அவள் மேலே விழுந்தாள். கதிர்காமநாதன் மாஸ்டர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். நான் மேசையில் நின்று, எல்லாரும் பார்த்திருக்க, உன் பெயருக்குமேல் கறுப்பு மையால் சிலுவை போட்டேன். கோடு கோணலாகப் போயிற்று.

பிறகு ஜோசப்பின் ஆன்சலாவை எங்கள் வீட்டுக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி உண்மையைச் சொன்னாள். நான் உள்ளே போனதும் என் தங்கச்சி எழும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தாள். பிறந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள். வாங்கிக்கொண்டேன். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். வெளியே சனம் நிறைந்திருந்ததால் அழுகை குறையவும் இல்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. இப்போது கறுப்பு உடுத்திக்கொண்டு இருக்கிறாள். மூன்று நாளாக ஊர்ச்சனம் சோறு கொண்டுவந்து தருகிறது. உன் பெயரைச் சொல்லி நானும் சாப்பிட்டேன், நல்ல கறி.

பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சனம் உனக்குப் பூசை கேட்கிறதே, என்ன செய்வது என்று கேட்டேன். “வழிப்பயணம் போறவைக்காக ஒப்புக்குடுக்கிறன், நீர் போம்” என்றார். துடுப்பில் கை வைத்துப் பொய் சொன்னவன் தொழிலுக்குப் போனால் கரை திரும்பமாட்டான் என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? நேற்றுப் போனேன், திரும்பி வந்தேன், இரண்டு கூடை மீனும் பட்டது. ஆனால் வள்ளம் தள்ளுமுன் இராயப்பரை மூன்று தரம் கூப்பிட்டது உண்மை.

நேற்றுப் பின்னேரம் கதிர்காமநாதன் மாஸ்டர் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். மூன்று பேருக்கும் பாஸ். ஆறு கிழமைத் தவணை. “தகப்பன் இல்லாத பிள்ளையளை ஏன் பிரிக்கவேணும், தங்கச்சியை ரெண்டுபேரோடையும் கெதியாப் போய்ச் சுகப்படுத்திக்கொண்டு வரச் சொல்லுங்கோ” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. போகிறவர்களுக்குப் பிணையாக இங்கே ஒருவர் நிற்க வேண்டும், திரும்பி வராவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆவணியில் தவணை முடியும், அதற்குள் திரும்பவேணும் என்றார். ஓம் என்றேன். ஜோசப்பின் தேத்தண்ணி ஊற்றப் போனாள். இதை நீ ஆன்சலாவிடம் கிளறாதே, பிணை நின்றது பக்கத்து வீட்டுக்காரர் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஐயா செபப்புத்தக உறைக்குள் வைத்துக் கொண்டுபோய் மன்னாரில் தபாலில் சேர்ப்பார். நாளை விடியப் புறப்படுகிறார். எழுத வேண்டாம், அவரிடம் வாயால் சொல்லி அனுப்புவோம் என்றாள் ஆன்சலா. அவர் வாயால் பட்ட பாடு போதும் என்றேன், சிரித்தாள். நாலு நாளுக்குப் பிறகு சிரித்தது. அவர்கள் வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறார்கள். மாற்றுக் கடிதம் இனி உனக்கு இல்லை. எங்கள் புத்தகத்தில் நீ இறந்தவன். அங்கே புதிதாகச் சேருகிறவனாகக் கடைசி வாங்கில் போய் இரு. இங்கே எனக்குப் பதிலும் எழுதாதே.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். டிலானிக்கு உண்மையைச் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, வழியில் சோதனைச் சாவடியில் யாரும் ஆசையாகக் கேட்டால் சொல்லிவிடும். முகாமுக்குள் வந்து சேரும்வரை சொல்ல வேண்டாம் என்று ஆன்சலாவிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து டிலானி ஒரு சொல் கதைக்கவில்லை. உன் சங்கத்து நீலப்பட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள் இல்லை. அவள் தகப்பனை நான் கொன்றேன், மச்சான். நீதான் வந்து அவளுக்கு உயிரோடு காட்ட வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் காலையும் மாலையும் முகாம் வாசலில் போய் நில். வேலை, கூட்டம், கிளை என்று ஒன்றும் சொல்லாதே. தாடி வளர்த்திருந்தால் வழித்துவிடு, அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டும். மற்ற எவரும் சொல்லுமுன் அவள் உன்னைக் காணவேண்டும். அவள் கதைக்கத் தொடங்கியதும், மாமா பொய் சொன்னது உனக்காகத்தான் என்று மெல்லச் சொல்லு.

இராயப்பர் உங்கள் நாலு பேரையும் ஒரு கரையில் சேர்ப்பாராக. இனிச் சங்கத்தில் பதினேழு என்று கூப்பிடமாட்டோம், பதினாறுக்குப் பிறகு பதினெட்டுத்தான். என் பெயர் பதினெட்டு. ஆவணிக்குப் பிறகு அதற்குப் பதில் வராவிட்டால், கடலிலை நிக்கிறார் என்று சொல்லும்படி சந்தியாப்பிள்ளை அண்ணையிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.

உன் மைத்துனன்,
ம. மரியநேசன்